கரித் தணலும் கிளாஸ்கோ மேடையும்

(கனகம்மாசத்திரத்தில், ஊராட்சிப் பணியில் பழகியவர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் சமூக ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



உலகத் தலைவர்கள் கூடிய ஒரு மாநாட்டில் நம் தமிழ்நாட்டுச் சிறுமி ஒருத்தி பேசிய வரலாற்றை உங்களுக்கு எடுத்துரைக்குமாறு இக்கூட்டத்தை நடத்தும் நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். "சர்வதேச மாநாட்டிற்கும் ஏர் பிடிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது நியாயமே. மாநாடுகளைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை நம் வயலுக்கோ வீட்டுக்கோ வந்து சேருவதில்லை. ஆனால் இந்தச் செய்தி தெருவில் நிற்கும் ஓர் இஸ்திரி வண்டியிலிருந்து தொடங்குகிறது. ஆகையால் அதை இவ்வூரில் பேசுவதற்கு எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை.

அந்தச் சிறுமியின் பெயர் வினிஷா உமாசங்கர். திருவண்ணாமலையைச் சேர்ந்தவர். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, தம் வீட்டுக்கு அருகில் துணி தேய்க்கும் தொழிலாளி ஒருவர் எரிந்து தீர்ந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்தார். நாமெல்லாம் ஆயிரம் முறை பார்த்த காட்சிதான் அது. பெட்டியைத் திறந்து சாம்பலைத் தட்டுவதும், புதிய கரியை இட்டு விசிறுவதும், தணல் கனன்றதும் மூடியைச் சாத்துவதும் நமக்குப் புதியவையல்ல. அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 12. 'ஒருநாளைக்கு எவ்வளவு கரி எரிகிறது? அந்தக் கரி எங்கிருந்து வருகிறது? அந்தப் புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது?' என்னும் கேள்விகள் அவர் மனத்தில் எழுந்தன. கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. நூல்களைப் புரட்டிக் கணக்குப் போட்டார். தம் வயதுக்கு மீறிய பௌதிக நூல்களையும் படித்தார். அதன் பயனாகச் சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றின் அமைப்பு உருவாயிற்று.

அந்த வண்டியின் அமைப்பைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். மூன்று சக்கர மிதிவண்டியைப் போன்ற ஒரு வண்டி. அதன் கூரையின் மேல் சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கூரை நிழலையும் தருகிறது, மின்சாரத்தையும் தருகிறது. அந்த மின்சாரம் ஒரு பாட்டரியில் சேமிக்கப்பட்டு, அதைக்கொண்டு நீராவி இஸ்திரிப் பெட்டி இயங்குகிறது. நல்ல வெயில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது அவருடைய கணக்கு. மழைக்காலத்தில் வீட்டு மின்சாரத்திலிருந்தே பாட்டரிக்கு மின்னேற்றிக் கொள்ளலாம். தொழிலாளி ஓரிடத்திலேயே நிற்காமல், வண்டியை மிதித்துத் தெருத்தெருவாகச் சென்று வேலை வாங்கலாம். கைத்தொலைபேசிகளுக்கு மின்னேற்றிக் கொடுத்து இரண்டு காசு கூடுதலாகச் சம்பாதிக்கவும் அதில் வழி செய்திருக்கிறார். இந்தக் கடைசி ஏற்பாடுதான் என்னை மிகவும் கவர்ந்தது. காற்று சுத்தமாக வேண்டும் என்று எண்ணிய பெண், தேய்ப்பவரின் வருமானத்தையும் உடன் எண்ணியிருக்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் கூற வேண்டும். வீடுகளில் நாம் பயன்படுத்தும் சாதாரண மின் இஸ்திரிப் பெட்டியே 750 முதல் 1000 வாட் வரை மின்சாரத்தை இழுக்கிறது. சிறிய வண்டியின் கூரையில் அடங்கும் தகடுகள் அவ்வளவு மின்சாரத்தை நேரடியாக அந்தந்த நொடியில் கொடுத்துவிட முடியாது. ஆகவே வண்டியின் உயிர்நாடி பாட்டரிதான். பாட்டரியோ சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும், மாற்றவேண்டும், அதற்குப் பணம் வேண்டும். சூரிய ஒளி இலவசம்; அதைப் பிடித்து வைக்கும் பாத்திரம் இலவசம் அல்ல. சூரிய சக்திப் பம்புசெட்டு வைத்திருக்கும் உழவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, ஒரு பள்ளி மாணவியின் யோசனை காகிதத்தை விட்டு எப்படி வெளியே வந்தது? குஜராத்தில் உள்ள தேசியப் புத்தாக்க நிறுவனம், டாக்டர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் பெயரால் பள்ளி மாணவர்களின் புதிய யோசனைகளுக்கு ஆண்டுதோறும் விருது வழங்கி வந்தது. 2019-இல் வினிஷாவின் வண்டி அவ்விருதைப் பெற்றது. அதன் முழு அளவு மாதிரியை உருவாக்கவும் அந்நிறுவனம் துணைநின்றது. மறு ஆண்டு, 2020-இல், சுவீடன் நாட்டில் குழந்தைகளுக்காக வழங்கப்படும் பருவநிலைப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. 2021-இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் தொடங்கிய 'எர்த்ஷாட்' பரிசின் இறுதிச் சுற்றுக்கு உலகம் முழுவதிலுமிருந்து 15 முயற்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவற்றுள் இந்த இஸ்திரி வண்டியும் ஒன்றாக இருந்தது.

அந்தப் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை. காற்றைத் தூய்மையாக்கும் பிரிவில் அது 'டகாச்சார்' என்னும் மற்றோர் இந்திய முயற்சிக்குச் சென்றது. தில்லியைச் சேர்ந்த வித்யுத் மோகனும் அவருடைய கூட்டாளியும் தொடங்கிய முயற்சி அது. அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் தாளையும் சக்கையையும் கொளுத்தாமல், டிராக்டரில் இணைத்து வயலுக்கே கொண்டு செல்லக்கூடிய சிறு இயந்திரத்தில் இட்டு, எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றி விற்கலாம் என்பது அதன் நோக்கம். இங்கே அமர்ந்திருக்கும் உழவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உலகத்தின் காற்றைப் பற்றிய போட்டியில் கடைசி வரை வந்தவற்றுள் இரண்டு, நம் தெருவின் கரிப்பெட்டியையும் நம் வயலின் தாளையும் பற்றியவை!

இனி கிளாஸ்கோவுக்கு வருவோம். ஸ்காட்லாந்து நாட்டின் பெரிய நகரம் அது. கப்பல் கட்டுவதற்கும் நீராவி இயந்திரங்களுக்கும் ஒரு காலத்தில் பேர்போனது. நிலக்கரியால் வளர்ந்த நகரம் என்றே கூறலாம். அங்கே 2021 அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை ஐக்கிய நாடுகளின் 26-ஆவது பருவநிலை மாநாடு நடைபெற்றது. நவம்பர் 2-ஆம் நாள் தூய தொழில்நுட்பங்களை விரைவில் பரப்புவது குறித்து ஒரு கூட்டம். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் உள்ளிட்ட தலைவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். நாடுகளின் சூரிய மின்சாரத்தை ஒரே தொகுப்பாக இணைக்கும் திட்டம் அங்கே அறிவிக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில்தான், எர்த்ஷாட் பரிசுக்குத் தேர்வானவர்களின் சார்பில், இளவரசர் வில்லியத்தின் அழைப்பை ஏற்று, 15 வயது வினிஷா எழுந்து பேசினார்.

அவர் பேசியதன் சாரம் இதுதான். வெற்று வாக்குறுதிகளைக் கொடுத்துவிட்டு நிறைவேற்றாமற் போன தலைவர்கள்மீது தம் தலைமுறைக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்திற்கு எல்லாக் காரணங்களும் உண்டு. ஆனால் கோபித்துக்கொண்டிருக்கத் தமக்கு நேரமில்லை, செயல்படவே விரும்புவதாகக் கூறினார். புகையிலும் நச்சிலும் எழும்பிய பழைய பொருளாதாரத்தில் முதலீடு செய்வதை நிறுத்துங்கள், பழைய வாதங்களை விட்டுவிடுங்கள், எங்களோடு சேர்ந்து நில்லுங்கள் என்று கேட்டார். நீங்கள் தாமதித்தாலும் நாங்கள் முன்னே செல்வோம் என்றும் சொன்னார். தாம் இந்தியாவின் பெண் மட்டுமல்ல, இந்தப் பூமியின் பெண் என்றும் பெருமையோடு குறிப்பிட்டார். சபையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பிள்ளைகள் இவ்வாறு பெரியவர்களின் சபையில் பேசுவது அதுவே முதல் தடவை அல்ல. 1992-இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நடந்த புவி உச்சி மாநாட்டில் கனடாவைச் சேர்ந்த செவர்ன் சுசுகி என்னும் 12 வயதுச் சிறுமி பேசினாள். அன்றும் தலைவர்கள் கை தட்டினார்கள். அதன்பின் 29 ஆண்டுகள் கழித்து மற்றொரு சிறுமி வந்து ஏறக்குறைய அதையே சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்தக் கைதட்டலின் மதிப்பை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். வினிஷாவின் பேச்சில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவருடைய கோபம் அல்ல. கோபம் எவரும் படலாம். அவர் தமக்குப் பின்னால் ஒரு வண்டியை நிறுத்திவிட்டு வந்து பேசினார். 'நான் இதைச் செய்திருக்கிறேன், நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கும் நிலையில் நின்றார். அதனால்தான் அச்சொற்களுக்குக் கனம் இருந்தது.

மாநாடு எவ்வாறு முடிந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் கதை பாதியாகிவிடும். நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக அறவே கைவிடுவது என்று உடன்படிக்கையின் வரைவில் எழுதியிருந்தார்கள். கடைசி நேரத்தில், இந்தியா முன்மொழிந்த திருத்தத்தின்படி, 'கைவிடுவது' என்பது 'குறைப்பது' என்று மாறிற்று. மாநாட்டுத் தலைவராக இருந்த அலோக் சர்மா, நம் ஆக்ராவில் பிறந்தவர், நா தழுதழுக்க மன்னிப்புக் கேட்டார். இதில் இந்தியாவின்மேல் மட்டும் குறை கூறுவது சரியன்று என்பது என் கருத்து. ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் 2009-இல் வாக்களித்தன. குறித்த ஆண்டில் அந்த வாக்கு நிறைவேறவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர்கள் பிறரிடம் வாக்குக் கேட்பது எப்படிச் செல்லும்? ஆயினும் மேடையில் நின்ற அந்தப் பெண்ணுக்கு இந்த நியாயங்களால் கிடைத்தது என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அதே நவம்பரில் நம் பக்கத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஏழாம் தேதி சென்னையில் 2015-க்குப் பின் காணாத மழை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டப்பட்ட பூண்டி ஏரியின் மதகுகள் திறக்கப்பட்டன. கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போயிற்று. ஒரு மழையை மட்டும் காட்டி 'இதுதான் பருவநிலை மாற்றம்' என்று கூறுவது விஞ்ஞானமாகாது. ஆனால் வெப்பமான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், அது பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் என்பது விஞ்ஞானம். கொட்டுவதும் காய்வதும் மாறி மாறி வரும் காலத்தில் பயிர் வைக்கிறவர்கள் நீங்கள். அந்த மண்டபத்தில் பேசப்பட்டது உங்களைப் பற்றித்தான்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கிராம சபையில் உறுப்பினர் யார்? அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். அதாவது 18 வயது நிரம்பியவர்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பிரதமர்கள் அமர்ந்திருந்த சபையில் பேசிய அந்தப் பெண், அன்றைக்கு ஒரு கிராமத்தில் குடியிருந்திருந்தால், அந்த ஊர்க் கிராம சபையில் கையுயர்த்த உரிமை பெற்றிருக்கமாட்டாள்!

கையுயர்த்த உரிமை இல்லை என்றால் பேசவும் கூடாது என்று பொருளல்ல. கேரளத்தில் குடும்பஸ்ரீ இயக்கத்தின் கீழ்ச் சிறுவர்களுக்கென்றே பால சபைகள் இயங்கி வருகின்றன. மத்திய ஊராட்சி அமைச்சகம் ஊராட்சிகளுக்கு வகுத்துக்கொடுத்த ஒன்பது கருப்பொருள்களில் 'குழந்தை நேய ஊராட்சி' ஒன்று. 'தூய்மையும் பசுமையும் உள்ள ஊராட்சி' மற்றொன்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்தில் கிராம சேவகரின் வேலைகளில் இளைஞர் மன்றம் அமைப்பதும் ஒன்றாயிருந்தது. ஆகையால் இது புதிய கொள்கையன்று. நாளடைவில் அந்த மன்றங்கள் பந்தாட்டத்தோடும் பொங்கல் விழாவோடும் நின்றுவிட்டன. பந்தாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இந்த ஊருக்கும் வட்டாரத்துக்கும் இதைச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. திருத்தணி வட்டம் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானமும், தமிழாசிரியர் மங்கலங்கிழாரும், அவர்களோடு நின்ற எண்ணற்ற சாதாரண மக்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு அது சேர்ந்தது. பதவியில் இல்லாதவர்கள் பேசியதைப் பதவியில் உள்ளவர்கள் கேட்க வேண்டி வந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும் இவ்வட்டாரத்தில், வீட்டுக்குள் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியுமாகப் பேசும் பிள்ளைகள் உண்டு. சபையில் எழுந்து பேச அவர்களுக்குக் கூச்சம் இருக்கும். எந்த மொழியில் சொன்னாலும் எழுதிக்கொள்வோம் என்று முதலில் நாம் சொல்லிவிட வேண்டும்.

செய்ய வேண்டிய காரியம் பெரிதல்ல. அடுத்த கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னதாக, உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்: ஊரில் எங்கெங்கே புகை எழுகிறது என்று அவர்களே சுற்றிப் பார்த்து எழுதட்டும். குப்பை எரியும் இடம், வயலில் தாள் எரியும் இடம், செங்கல் சூளை, விறகடுப்பு, தேய்ப்பு வண்டி எல்லாம் வரட்டும். யார் அதை மூச்சில் இழுக்கிறார்கள் என்பதையும் எழுதட்டும். அந்தப் பட்டியலைச் சபையில் ஒரு மாணவரோ மாணவியோ வாசிக்கட்டும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்போது அதிலிருந்து ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுக்க முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று அடுத்த சபையில் அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லுங்கள். பதில் சொல்லாமல் கை தட்டி மட்டும் அனுப்பினால், அது கிளாஸ்கோவில் நடந்ததைத்தான் இங்கேயும் நடத்துவதாகும்.

கரியைப் பற்றி ஒரு சொல். 'மரத்தை வெட்டிக் கரி செய்கிறார்கள்' என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான உண்மையல்ல. நம் மாநிலத்தில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். அம்மரத்தை அழிக்க வேண்டும் என்று வழக்கே நடந்தது. மூட்டம் போடுகிறவர்களும் ஏழைகள்தான். ஆகவே காடு அழிகிறது என்னும் வாதத்தை நான் இங்கே அழுத்திச் சொல்லமாட்டேன். ஆனால் எந்த மரத்துக் கரியாயினும், கங்கு கனலும்போது எழும் புகையும் நச்சு வாயுவும் தேய்ப்பவரின் நெஞ்சுக்குள்தான் போகின்றன. நாள் முழுவதும் அந்தக் கனத்த பெட்டியோடு குனிந்து நிற்பவரும் அவர்தான். ஊர் முழுவதும் மடிப்புக் கலையாமல் சட்டை அணிந்து சபைக்கு வருகிறது. தேய்த்துக் கொடுத்தவர் சபைக்கு வந்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

அரசு அவர்களை அடியோடு மறந்துவிட்டது என்றும் கூற முடியாது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை பித்தளைத் தேய்ப்புப் பெட்டிகளை விலையின்றி வழங்கியதுண்டு. அவையும் கரியிட்டுத் தேய்ப்பவையே. 2025-இல் தமிழக அரசு தொடங்கிய கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள் சேர்க்கப்பட்டன. துணி வெளுத்தலும் தேய்த்தலும் அவற்றுள் இருந்தன. கடனில் நான்கில் ஒரு பங்கு, 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியம் என்று அறிவிக்கப்பட்டது. இத்தகைய உதவி இப்போது எந்த வடிவில் கிடைக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து, உங்கள் ஊரில் தேய்ப்பு வண்டி வைத்திருப்பவரிடம் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. அவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தால் அன்றைய கூலி போய்விடும்.

இறுதியாக, கூட்டம் தொடங்குவதற்கு முன் தேய்ப்புத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "ஐயா, அந்த வண்டி எனக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார். ஒரு வண்டியில் நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கரி எரிகிறது என்பது எர்த்ஷாட் பரிசுக்காரர்கள் கூறிய கணக்கு. ஐந்து கிலோ என்றே வைத்துக்கொண்டு, மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 125 கிலோ. ஆண்டுக்கு 1,500 கிலோ. அதை இன்றைய கரி விலையால் பெருக்குங்கள். ஒருபுறம் அந்தத் தொகை. மறுபுறம் வண்டியின் விலை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாட்டரியின் விலை, பழுதானால் அது சரியாகும்வரை இழக்கும் கூலி. இந்தக் கணக்கை அந்த நண்பரோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க நம் ஊர்ப் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்களால் முடியும். இக்கூட்டம் முடிந்ததும் அவர்களுள் இரண்டு பேரை அவரிடம் அனுப்பி வைப்பதாகத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கணக்கு எப்படி வந்தாலும், வந்தபடியே அடுத்த கிராம சபையில் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.